நம் ஊர்க் குழு



நீலகிரியின் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் நீங்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக் கூடும். மைதானத்தில் இருபத்திரண்டு இளைஞர்கள் பந்தை உதைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஓரத்தில், கம்பளிச் சட்டை அணிந்து காதை மறைத்துத் துணி சுற்றிய முதியவர் ஒருவர் நிற்பார். பந்து எதிர்ப்பக்கத்தை நெருங்கும்பொழுது அவருடைய காலும் தானாகவே ஓரடி முன்னே நகரும். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் யாரேனும், "என்ன ஆயிற்று?" என்று வினவினால், "வென்றுவிட்டோம்" என்பார், அல்லது, "தோற்றுவிட்டோம்" என்பார். பந்தை அவர் கையாலும் தொடவில்லை, காலாலும் தொடவில்லை. ஆயினும் 'வென்றுவிட்டார்கள்' என்னும் சொல் அவர் வாயில் வருவதே இல்லை.

அத்தகைய முதியவர்களுள் நானும் ஒருவன். இம்மலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். ஒரு மனிதன் தன் ஊர்க் கால்பந்துக் குழுவுக்கு வாழ்நாள் முழுவதும் உரியவனாக ஆவது எங்ஙனம்? அவ்வுரிமையால் விளையும் நன்மை யாது, தீமை யாது? இவற்றைக் குறித்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஓர் இலக்கணச் செய்தியை நினைவூட்டுகிறேன். தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். 'நாங்கள்' என்றால் கேட்பவன் அதில் அடங்கமாட்டான். 'நாம்' என்றால் கேட்பவனும் அடங்குவான். பின்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று உங்கள் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். களத்தில் ஆடிய வீரர், "நாங்கள் வென்றோம்" என்று சொல்லலாம். அது அவர் உழைப்பு. ஆனால் ஓரத்தில் நின்ற முதியவர், வழியில் எதிர்ப்பட்ட மனிதரையும் சேர்த்துக்கொண்டு, "நாம் வென்றோம்" என்கிறார். ரசிகனின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. 'அவர்கள்' என்று தொடங்கியது 'நாம்' என்று மாறும் வழியை அறிந்துவிட்டால், நம் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

உளநூலாரும் இச்சொல்லை ஆராய்ந்திருக்கிறார்கள். ராபர்ட் சியால்டினி என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய துணைவர்களும் 1976ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்கர் தமக்கே உரிய முறையில் ஆடும் கால்பந்தில் தம் பல்கலைக்கழகம் வென்றதை அடுத்த திங்கட்கிழமையன்று, அப்பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த உடைகளை மாணவர்கள் மிகுதியாக அணிந்து வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபொழுது, வெற்றியைக் கூறுகையில் 'நாம்' என்றவர்கள், தோல்வியைக் கூறுகையில் அச்சொல்லை அவ்வளவாக ஆளவில்லை. மனிதனின் இயல்பான பலவீனம் இது. ஆனால் வாழ்நாள் ரசிகன் வேறு வகையைச் சேர்ந்தவன். அவன் தோற்ற நாளிலும் 'நாம்' என்பவன். அவன் எப்படி உருவாகிறான் என்பதை நம் மலையின் கதையைக் கொண்டே பார்ப்போம்.

இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி டூரண்ட் கோப்பைப் போட்டியாகும். 1888ஆம் ஆண்டில் சிம்லாவில் மார்டிமர் டூரண்ட் என்னும் ஆங்கில அதிகாரி அதனைத் தொடங்கி வைத்தார். நெடுங்காலம் வரை அதனை வெள்ளையர் படைப்பிரிவுகளே வென்று வந்தன. போட்டி தில்லிக்கு மாறிய 1940ஆம் ஆண்டில்தான் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்டிங், இந்தியக் குழுக்களுள் முதலாவதாக அக்கோப்பையைக் கைப்பற்றியது. விடுதலைக்குப் பின் ஐதராபாத் போலீஸ், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் போன்ற பேர்பெற்ற குழுக்கள் அதனை வென்றன. அந்த வரிசையில் 1955ஆம் ஆண்டிலும் 1958ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்டுள்ள பெயர் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் என்பதாகும். அந்தப் படை மையம் எங்கே இருக்கிறது? குன்னூருக்கு அருகே, வெலிங்டனில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டு முதல் அதுவே அப்படைப்பிரிவின் பயிற்சி நிலையம். முதல்முறை இந்திய விமானப் படையின் குழுவையும், இரண்டாம்முறை கூர்க்கா பிரிகேடையும் இறுதி ஆட்டத்தில் வென்று, நம் மலையைச் சேர்ந்த குழு அக்கோப்பையைப் பெற்றது.

அக்குழுவின் கோல் காவலர் பீட்டர் தங்கராஜ். நெடிய உருவம் கொண்டவர். தொடக்கத்தில் முன்வரிசையில் ஆடி, பின்பு கோலுக்கு முன் வந்து நின்றவர். 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிலும் இந்தியக் குழுவில் இடம்பெற்றார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற குழுவிலும் இருந்தார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008ஆம் ஆண்டில் மறைந்தார். இவர் பிறந்தது நம் மலையில் அன்று, ஐதராபாத்தில். அவருடன் ஆடியவர்களும் மதராஸ் படைப்பிரிவுக்கே இயல்பானபடி, தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து படையில் சேர்ந்தவர்களே. ஆயினும் குன்னூர் மக்கள் அவர்களை 'நம் பையன்கள்' என்றே சொன்னார்கள். ஊர்க் குழு என்பது அவ்வூரிலே பிறந்தவர்களின் கூட்டம் அன்று என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

நான் பிறந்தது 1959ஆம் ஆண்டில். அந்த இரு வெற்றிகளும் நான் பிறக்கு முன்பே முடிந்துவிட்டவை. ஆயினும், 'நாம் டூரண்ட் கோப்பையை இருமுறை வென்றிருக்கிறோம்' என்று சொல்லும்பொழுது என் நெஞ்சு நிமிர்கிறது. பிறவாத காலத்து வெற்றிக்கு எனக்கு என்ன உரிமை? அது என் தந்தையார் வழியாக வந்த உரிமை. அவர் ஒரு தோட்டத்துத் தேயிலை ஆலையில் கணக்கு எழுதியவர். ஓய்வு நாள்களில் வெலிங்டனுக்கு நடந்து சென்று, படைவீரர்கள் பந்தாடிப் பழகுவதை வேலியோரம் நின்று பார்த்து வருவாராம். தங்கராஜ் பந்தைப் பிடித்த விதத்தை, எங்கள் வீட்டுத் தலையணையைப் பந்தாகக் கொண்டு, எனக்கு நூறு முறையேனும் நடித்துக் காட்டியிருப்பார். தாத்தாவின் நிலத்தைப் பேரன் பெறுவது போல, நான் அந்த வெற்றியைப் பெற்றேன். எங்களுக்கு நிலம் கிடையாது, இது இருந்தது.

ஆக, ரசிகன் உருவாவதற்கு முதற்காரணம், கைபிடித்து அழைத்துச் செல்லும் ஒருவர். தந்தையோ, தாயோ, அண்ணனோ, மாமாவோ, அடுத்த வீட்டுக்காரரோ அவர் யாராகவும் இருக்கலாம். குழந்தை முதலில் குழுவின்மீது அன்பு கொள்வதில்லை. அன்புள்ள ஒருவர் எதைக் கண்டு மகிழ்கிறாரோ, எதைக் கண்டு வருந்துகிறாரோ, அதனையே தானும் பற்றிக்கொள்கிறது.

அதற்கு ஏற்ற வயதும் ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டில் ஓர் அமெரிக்கப் பொருளியல் ஆய்வாளர், அந்நாட்டின் பேஸ்பால் குழுக்களுக்கு யார் யார் ரசிகர்களாக இருக்கிறார்கள் என்று பேஸ்புக்கின் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டார். நியூயார்க் மெட்ஸ் என்னும் குழு 1969இலும் 1986இலும் பெருவெற்றி கண்டது. அக்குழுவை விரும்பும் ஆண்களுள் 1962இலும் 1978இலும் பிறந்தவர்களே மிகுந்து காணப்பட்டனர். அஃதாவது, வெற்றி நிகழ்ந்தபொழுது ஏழு, எட்டு வயதுச் சிறுவர்களாக இருந்தவர்கள் அதன்பின் குழுவை விடவே இல்லை. இதைப் படித்தபொழுது எனக்குச் சிரிப்பு வந்தது. என் தந்தையார் என்னை முதன்முதலாக மைதானத்துக்கு அழைத்துச் சென்றபொழுது எனக்கும் எட்டு வயதுதான்.

நான் சென்றது பெரிய கோப்பைக்கான ஆட்டம் அன்று. எங்கள் தோட்டத்துக் குழுவுக்கும் மற்றொரு தோட்டத்துக் குழுவுக்கும் இடையே நடந்த பந்தயம். இங்குச் சற்று நின்று, இத்தகைய குழுக்கள் எப்படித் தோன்றின என்பதையும் பார்த்துவிடுவோம்.

கால்பந்துக் குழு வானத்திலிருந்து குதிப்பதில்லை. மக்கள் கூடி உழைக்கும் இடத்திலும் கூடி வழிபடும் இடத்திலும் முளைக்கிறது. இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, துணி ஆலைகள் சனிக்கிழமைகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை நிறுத்த வேண்டும் என்று விதித்தது. சனிக்கிழமைப் பிற்பகல் தொழிலாளியின் கைக்கு வந்தது. அதில் கால்பந்து புகுந்தது. இன்று உலகெங்கும் புகழ்பெற்ற மான்செஸ்டர் யுனைடெட், 1878இல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய குழு. ஆர்சனல், 1886இல் லண்டனுக்கு அருகே ஒரு படைக்கலத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் தொடங்கிய குழு. எவர்ட்டன், ஒரு கிறித்தவக் கோவிலைச் சார்ந்து எழுந்தது. நம் மலையிலும் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை உண்டு. வெலிங்டனில் படை உண்டு. எங்கும் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வாரத்தில் ஒரு நாள் ஓய்வுக்கு வழிசெய்தது. இங்கிலாந்துக்குச் சனிக்கிழமை போல, நமக்கு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து மக்கள் அரிசி பருப்பு வாங்க நகரத்துக்கு வருவார்கள். பையை மைதானத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு ஆட்டத்தைப் பார்ப்பார்கள்.

நிற்க. அன்று 1967ஆம் ஆண்டில் தந்தையாருடன் மைதானத்தை அடைந்ததும் நான் கேட்ட முதற்கேள்வி, "அப்பா, நாம் எந்தப் பக்கம்?" என்பதே. அவர் சட்டையின் நிறத்தைக் காட்டினார். ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரத்துக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி மைதானத்தை மறைத்துவிட்டது. இந்த மலையில் ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் இது பழகிய செய்தி. எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பம் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டக்காரர் நிழல் போலத் தோன்றி மறைவர். கூட்டம் செவியால் ஆட்டத்தைப் பார்த்தது. அங்கே எழுந்த கூச்சலைக் கேட்டு இங்கே நின்றவர்கள், "நமக்கில்லை, அவர்களுக்கு" என்று தெரிந்துகொண்டார்கள். அப்படி ஐந்து முறை கூச்சல் எழுந்தது. நாங்கள் ஐந்து கோல்களில் தோற்றோம். நான் அழுதேன்.

தந்தையார் என்னைத் தேற்ற முயலவில்லை. கடைக்கு அழைத்துப் போய், வர்க்கியும் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். அங்கே தோற்ற குழுவின் ஆட்டக்காரர்கள் இருவர் சேறு படிந்த கால்களுடன் அமர்ந்திருந்தனர். தந்தையார் அவர்களிடம் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல், அவர்களுடைய தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். வழியில், "அடுத்த ஞாயிறும் வருவோமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். வருகிறேன் என்றேன். நான் ரசிகனாகியது அந்த ஒரு சொல்லால்தான் என்று இன்றும் கருதுகிறேன்.

இதிலிருந்து அடுத்த இரு காரணங்களையும் காணலாம். இரண்டாவது காரணம், பழக்கம். ராபர்ட் ஜயான்ஸ் என்னும் உளநூல் அறிஞர் 1968இல் காட்டிய உண்மை ஒன்றுண்டு. பொருள் தெரியாத சொற்களையும் அறிமுகமில்லாத முகங்களையும் மக்களுக்குப் பலமுறை காட்டினார். எதை மிகுதியாகக் கண்டார்களோ, அதனையே மிகுதியாக விரும்பினார்கள். வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை. ஞாயிறுதோறும் அதே மைதானம், அதே சட்டை, பந்தைத் தலையால் முட்டும் முன் கண்ணை மூடிக்கொள்ளும் அதே ஆட்டக்காரர் என்று காண்பவனுக்கு அவை தன் வீட்டுப் பொருள்களைப் போல ஆகிவிடுகின்றன. ஊர்க் குழுவுக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. அந்த ஆட்டக்காரரை நாளை ரொட்டிக் கடையில் காணலாம். அவர் தங்கை உங்கள் வகுப்பில் படிக்கலாம். புகழ் பெற்ற குழுவின் வீரரை நாம் அறிவோம். அவர் நம்மை அறியார். ஊர்க் குழுவில் அறிதல் இருவழிப்பட்டது.

மூன்றாவது காரணம், கூடித் தோற்பது. இது முதலில் வியப்பாகத் தோன்றும். வெற்றி அன்றோ மக்களை இழுக்க வேண்டும்? உண்மையில் வெற்றி இழுக்கிறது, தோல்வி கட்டுகிறது. வென்ற நாளில் வந்து சேர்பவர் பலர். அவர்களுள் யார் நிலைப்பார் என்பதைத் தோற்ற நாள்தான் காட்டும். மழையில் நனைந்து தோல்வியைக் கண்ட பின், அடுத்த வாரமும் வருபவன் அக்குழுவுக்காக ஏதோ ஒன்றைச் செலவிட்டுவிட்டான். தான் செலவிட்டதை மனிதன் எளிதில் கைவிடுவதில்லை. துன்பத்தை உடன்பட்டு அனுபவித்தவர்களிடையே ஏற்படும் உறவு நெருக்கமானது என்பதை உங்கள் குடும்பங்களிலேயே கண்டிருப்பீர்கள்.

இனி, ஊரை இழந்தவர்களுக்கு ஊர்க் குழு என்ன செய்கிறது என்பதைக் கேளுங்கள். கல்கத்தாவில் 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் குழு, பெயருக்கு ஏற்பக் கிழக்கு வங்காளத்து மக்களின் அன்புக்கு உரியது. 1947இல் நாடு பிரிந்தபொழுது இலட்சக்கணக்கானோர் வீடும் நிலமும் விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு அந்தக் குழுவே விட்டுவந்த ஊராக நின்றது. அது வென்ற நாளில் அவர்கள் வீடுகளில் இலிசு என்னும் ஆற்றுமீன் குழம்பு மணக்கும். மோகன் பகான் வென்றால் மற்றவர் வீடுகளில் இறால் மணக்கும் என்பார்கள்.

நம் மலையிலும் அத்தகையோர் வந்து சேர்ந்தார்கள். 1964ஆம் ஆண்டில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரிக்கும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று அதில் முடிவாயிற்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை அளிப்பதற்காகத் தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அவர்கள் பிள்ளைகள் எங்கள் பள்ளிகளுக்கு வந்தார்கள்.

1982ஆம் ஆண்டில் என் வகுப்பில் அவ்வாறு ஒரு சிறுவன் சேர்ந்தான். வயது பன்னிரண்டு இருக்கும். கால்பந்தை அவன் 'உதைபந்து' என்பான்; என்னை 'சேர்' என்று அழைப்பான். இவ்விரு சொற்களையும் மற்றப் பிள்ளைகள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். 'சிலோன்காரன்' என்று பெயரும் இட்டார்கள். அவனுடைய பாட்டனார் சென்ற ஊரில் அவர்களை 'இந்தியாக்காரர்' என்றார்களாம். இங்கே வந்தால் 'சிலோன்காரர்'. அவனுக்கு எந்த இடத்திலும் 'நாம்' கிடைக்கவில்லை. பள்ளிக் குழு ஆடும்பொழுது அவன் தனியே, ஒரு மரத்தடியில் நின்று பார்ப்பான். "உங்கள் குழு நன்றாக ஆடியது, சேர்" என்பான். சில மாதங்கள் சென்றன. மரத்தடியிலிருந்து கயிற்றோரத்துக்கு வந்தான். பந்து பள்ளத்தில் உருண்டால் ஓடிச்சென்று எடுத்து வருவது அவன் வேலையாயிற்று. ஒருநாள் மாலை, நான் வேறு பணியாகச் சென்று திரும்பும்பொழுது, வாயிலிலேயே ஓடிவந்து, "சேர், நாம் வென்றுவிட்டோம்!" என்றான். நான் எண்ணற்ற மாணவர்களுக்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மையை விளக்கியிருக்கிறேன். அதன் பொருளை அன்று அவனிடம் கற்றேன்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். 'நாம்' என்னும் சொல்லுக்கு வலிமை தருவது எதிரே நிற்கும் 'அவர்கள்'. ஹென்றி தாஜ்ஃபெல் என்னும் அறிஞர், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிச் சிறுவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வை 1970இல் வெளியிட்டார். இரு ஓவியர்களின் படங்களுள் எவை பிடிக்கும் என்று கேட்டு, அதன்படி பிரிப்பதாகச் சொல்லி அவர்களை இரு பிரிவாக்கினார். தன் பிரிவில் யார் இருக்கிறார் என்றுகூட ஒருவனுக்கும் தெரியாது. ஆயினும் சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னபொழுது, தன் பிரிவினருக்கே மிகுதியாகக் கொடுத்தார்கள். ஒரு கோடு கிழித்தால் போதும், கோட்டுக்கு இப்பால் அன்பும் அப்பால் பாரபட்சமும் முளைக்கின்றன.

இந்த உண்மையை நான் நூலில் படிக்கு முன்னரே என் பிழையால் கற்றேன். 1984ஆம் ஆண்டில் எங்கள் பள்ளிக்கும் அடுத்த ஊர்ப் பள்ளிக்கும் ஒரு பந்தயம் நடந்தது. குழுவுக்குப் பொறுப்பாசிரியன் நான். மாணவர்களுக்கு ஊக்கம் வரட்டும் என்று, எதிர்ப்பள்ளியை எள்ளி நகையாடும் பாட்டு ஒன்றைக் கட்டி, அதைப் பாடப் பழக்கினேன். பிள்ளைகள் ஆர்வமாகப் பாடினார்கள். ஆட்டத்தில் தோற்றோம். எதிர்ப்பள்ளி மாணவர்கள் ஏறிய பேருந்து புறப்பட்டபொழுது அதன்மீது கற்கள் விழுந்தன. ஒரு சிறுவனுக்குப் புருவம் கிழிந்து இரத்தம் வழிந்தது. ஓடிச்சென்று பார்த்தேன். கல்லெறிந்தவர்களுள் இலங்கையிலிருந்து வந்த என் மாணவனும் ஒருவன். நேற்றுவரை கேலிக்கு ஆளானவன், தானும் 'நாம்' என்பதை மெய்ப்பிக்க, எல்லாருக்கும் முன்னே நின்று எறிந்திருந்தான். அவன் கையிலிருந்த கல் நான் எழுதிய பாட்டு.

மறுநாள் அவனையும் அழைத்துக்கொண்டு, காயம்பட்ட சிறுவனின் வீட்டுக்குச் சென்றேன். அவனுடைய தாயார் கொழுந்து பறித்துவிட்டு அப்பொழுதுதான் திரும்பியிருந்தார். அவர் எங்களைச் சினந்து பேசவில்லை. உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். பின்பு, "விளையாடத்தானே சார் அனுப்பினேன்" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திரும்பி வரும்பொழுது என் மாணவன் வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அந்தப் பாட்டை வகுப்பின் முன் நானே கிழித்தேன்.

எங்கள் ஊரில் ஒரு புருவத்தோடு போயிற்று. 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆட்டம் நடந்தபொழுது, ரசிகர்களிடையே எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் உயிரிழந்தனர். குழுவின்மீது கொண்ட அன்புதான் அவர்களை அங்கே அழைத்துச் சென்றது. ஆகவே அன்பு இருந்தால் போதும் என்று எண்ணாதீர்கள். அதன் எல்லையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்க்குழு இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை என்பதை மறவாதவனே நல்ல ரசிகன். தன் குழுவுக்காகத் தொண்டை வறளக் கத்தட்டும். ஆட்டம் முடிந்ததும், இரு குழுவினரையும் ஒரே கடையில் தேநீர் அருந்தக் காண்பதில் அவனுக்கு வருத்தம் இருத்தலாகாது.

இளைஞர்களே, இன்று உங்கள் கையில் உள்ள தொலைபேசியில் மான்செஸ்டரும் பார்சிலோனாவும் இரவு முழுவதும் ஆடுகின்றன. அவற்றைப் பார்ப்பதை நான் குறைகூறமாட்டேன்; என் வீட்டுப் பேரனுடன் நானும் பார்ப்பதுண்டு. அவை மிக உயர்ந்த ஆட்டங்கள். ஆனால் அக்குழுக்களும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஊரின் சேற்று மைதானத்தில், சில நூறு தொழிலாளர் சூழ ஆடியவையே. அச்சிலர் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால், இன்று உலகம் பார்க்க ஒரு குழுவும் இராது. நம் மலையின் மைதானங்களில் இப்பொழுது கயிற்றோரத்தில் நிற்போர் குறைந்து வருவதை நான் கண்ணால் காண்கிறேன். ஆடுபவர் இருக்கிறார்கள், 'நாம்' என்று சொல்பவர்தாம் குறைகிறார்கள். ஒரு ஞாயிறு போய்ப் பாருங்கள். ஆட்டம் சிறப்பாக இராமற்போகலாம். மூடுபனி வந்து ஒன்றும் தெரியாமற்போகலாம். மறு ஞாயிறும் போங்கள். மூன்றாவது ஞாயிறு உங்களுக்கே காரணம் தெரியாமல் கால் அங்கே செல்லும். முடியுமானால் ஒரு சிறுவனையோ சிறுமியையோ கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள்.

அந்த இலங்கைச் சிறுவன் என்ன ஆனான் என்று நீங்கள் கேட்கலாம். அவர் இப்பொழுது ஐம்பதைக் கடந்தவர். இந்த மாவட்டத்திலேயே குடும்பத்துடன் வாழ்கிறார். சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறன்று மைதானத்தில் அவரைக் கண்டேன். ஐந்து வயதுப் பேத்தி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரு குழுவினரும் களத்தில் இறங்கினார்கள். குழந்தை அண்ணாந்து பார்த்து, "தாத்தா, நாம எந்தச் சட்டை?" என்று கேட்டாள். அவர் நிறத்தைக் காட்டினார். பின்பு குனிந்து, எதிர்ப்பக்கத்தையும் காட்டி, "அவங்களும் நம்ம ஊருக்கு வந்திருக்கிற பிள்ளைங்க. நல்லா ஆடினா அவங்களுக்கும் கை தட்டணும்" என்றார்.

நான் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று நாம் இரண்டு கோல்களில் தோற்றோம்.